அக்காவும் ஆறு சிலிண்டர் வண்டியும்

எங்கள் அக்கா இறைவன் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நாளில் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் கைகூப்பி வரவேற்கிறோம். அக்காவின் படங்களையும் குடும்ப வரலாற்றையும் அவருடைய மகள் தேவகி இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் அழகாகத் தொகுத்துவிட்டாள். அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுத உட்கார்ந்தபோது, எங்கே தொடங்கினாலும் பேனா ஒரு பழைய பிக்கப் வண்டியிடமே போய் நின்றது. அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஐம்பத்தெட்டாவது வயதில் அக்கா தம் கையால் பிரித்துக் கட்டியதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதும் அறிந்தவர்கள் மூன்று பேர்தான். அதை இன்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா இதே தெருவில் பிறந்தார். அப்பா சிறியதாக ஒரு பட்டுச் சாயப்பட்டறை வைத்திருந்தார். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதிமூன்று வயது, எனக்கு ஐந்து. அதோடு அக்காவின் பள்ளிப் படிப்பு நின்றது. என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் போட வேண்டிய இடத்தில் இருப்பவை எல்லாம் அக்காவின் கையெழுத்துகள். மூன்றாம் வகுப்பில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இது யாருடா, உங்க அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சாயம் ஏற்றிய பட்டை ஊர் ஊராக நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அப்பா மூன்றாம் கையாக அந்த வண்டியை வாங்கினார். அமெரிக்காவில் செய்தது. நீண்ட மூக்கு, உருண்டு திரண்ட மட்கார்டு, பின்னால் மரப்பலகை போட்ட தொட்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். மூன்றே கியர். கியர் கம்பி தரையில் இருக்காது, ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். இலைப்பச்சை நிறம். அது திருப்பருத்திக்குன்றத்துக்குள் நுழைந்தால் சத்தத்தை வைத்தே, "சாயக்காரர் வந்துட்டாரு" என்பார்களாம்.

அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியபோது அக்காவுக்கு இருபது வயது. அப்பா அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் பழக்கினார். லைசென்சும் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டினாலே திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா பாவாடை தாவணியில் பிக்கப் ஓட்டினார். திருமணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் காலையில் மாமாவோடு தறியில் உட்காருவார், மதியம் வண்டி எடுப்பார். மாமா ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அக்காவின் முகமே வேறு. யாரோ நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அக்காவுக்கு இருபத்தேழு வயதானபோது அந்த விபத்து நடந்தது. தேவகி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. வாலாஜாபாத் பக்கம் முகூர்த்தப் புடவைகளுக்கான பட்டை ஏற்றிக்கொண்டு அக்காவும் அப்பாவும் போனார்கள். தென்னேரி ஏரிக்கரை மேல் ஓடும்போது எஞ்சின் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, வண்டி வழுக்கிக் கரைச் சரிவில் இறங்கி நீரில் நின்றது. அக்காவுக்கு நெற்றியில் காயம். அப்பாவுக்குத் தோள்பட்டை விலகியது. பட்டு முழுவதும் நனைந்து சாயம் ஒன்றோடொன்று கலந்து வீணானது.

வண்டியை இழுத்து வந்து பார்த்த மெக்கானிக், ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. "ஆயிலக் கூடப் பார்க்காம ஓட்டியிருக்கா பாரு", "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றெல்லாம் நம் வீட்டு விசேஷங்களிலேயே பேசிக்கொண்டார்கள். சொன்னவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. நானும் சொன்னவன்தான். அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து முப்பத்தோரு வருடம் அவர் எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. மருமகன் கார் வாங்கி, "அத்தை, ஒரு ரவுண்டு நீங்க ஓட்டுங்க" என்று சாவியை நீட்டியபோதுகூட, "வேணாம்பா, மறந்துபோச்சு" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அப்பா அதன்பின் பட்டுப் பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒன்பது வருடம் கழித்துக் காலமானார். வண்டி சாயப்பட்டறைக்குப் பின்னால் கூரை பிய்ந்த கொட்டகையில் நின்றுவிட்டது. நான் ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். மற்றவர்கள் செய்த வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பட்டறையை இடித்து வீடு கட்ட ஏற்பாடு செய்தேன். பழைய இரும்பு வாங்குபவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சேர்ந்தார். தறியில் இருந்து நேராக எழுந்து வந்திருக்கிறார். புடவையில் பட்டு இழைகள் ஒட்டியிருந்தன.

"வண்டிய குடுக்காதடா. எனக்கு வேணும்."

"இன்னாக்கா பண்ணப் போற அத வெச்சுக்கினு?"

"ஓட்டப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்புக்காரர் முன்னால், என் மனைவி முன்னால், "நீ கெடுத்த வண்டிதானேக்கா இது. இன்னும் ஆசை விடலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா புடவையில் ஒட்டிய இழைகளைத் தட்டிவிட்டார். "ஆமா, நான் கெடுத்ததுதான். அதான் நானே சரி பண்றேன்னு சொல்றேன்" என்றார். மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோவில் கயிறு கட்டி, தெருப் பையன்கள் நாலு பேர் பின்னால் தள்ள, வண்டியைத் தம் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மஸ்தான் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், அக்காவின் வயதுதான். அப்பா காலத்தில் அந்த வண்டிக்கு வேண்டிய கடைசல் வேலைகளை அவருடைய வாப்பா செய்து கொடுத்தவர். அக்கா அவரைத்தான் கூப்பிட்டார். பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னதை மாமா அப்படியே என்னிடம் சொன்னார்.

"உள்ள எல்லாம் ஜாம் ஆயிருக்குதும்மா. ஆனா இரும்பு நல்ல இரும்பு. பிரிச்சாத்தான் தெரியும்."

"பிரிக்கலாம் பாய்."

"நான் பிரிக்க மாட்டேன். எனக்கு முட்டி வலி. நீ பிரி. நான் நாற்காலி போட்டு உக்காந்துக்கினு சொல்றேன்."

அப்படித்தான் தொடங்கியது. தினமும் மூன்று மணிக்கு அக்கா தறியை விட்டு எழுந்திருப்பார். ஐந்தரை வரை வண்டி வேலை. கொல்லையில் பழைய துணி விரித்து, கழற்றும் ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, தனித்தனி டிபன் டப்பாவில் போட்டு, எந்த இடத்தில் இருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டுவார். வீட்டில் சோறு கட்ட டப்பா இல்லை என்று மாமா என்னிடம் புகார் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது.

நான் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பேசிய பேச்சு உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போய் வேடிக்கை பார்ப்போம் என்று போனேன். எஞ்சினை வெளியே தூக்கிக் கட்டையின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை அக்கா அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்தார். தொட்டியில் இருக்கும் ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி எஞ்சின் முழுவதும் அனுப்பும். அந்தப் பம்பின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். வலையைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது.

"தார் மாதிரி இருக்குதே" என்றார் பாய்.

அக்கா அதைப் பிய்த்தெடுத்து மண்ணெண்ணெயில் அலசினார். அது துணி. இன்னும் இரண்டு முறை அலசிக் கல்லின் மேல் விரித்தார். காக்கித் துணி. ஒரு சட்டைப் பையின் மூடி. அதன் நடுவில் பொத்தான் துளை, துளையைச் சுற்றிப் பச்சைப் பட்டு நூலில் தையல்.

எங்கள் வீட்டில் காக்கி போட்டவன் நான் ஒருவன்தான். ஐ.டி.ஐ. சீருடை. துளை பிய்ந்தபோது காக்கி நூல் இல்லாமல் கைக்குக் கிடைத்த பட்டு நூலால் அதைத் தைத்துக் கொடுத்தவர் அக்கா. விபத்துக்கு முந்தின வாரம், ஐ.டி.ஐ.யில் கற்றுக்கொண்டதை அப்பாவிடம் காட்டுவதற்காக நானே வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினேன். என்னுடைய கிழிந்த சட்டையைக் கந்தலாக்கி உள்ளே துடைத்தேன். புது ஆயில் ஊற்றி மூடினேன். அப்பா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது எனக்குத் தெரியாது; ஊற்றிய ஆயில் எங்கோ ஒழுகிவிட்டது, அக்கா கவனிக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது மிதந்து மிதந்து கடைசியில் பம்பின் வாயை அடைத்திருக்கிறது.

பாய் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "நான் போய் டீ சொல்லிட்டு வர்றேம்மா" என்று எழுந்து போய்விட்டார். முட்டி வலிக்காரர் அன்று வேகமாகத்தான் நடந்தார்.

"இது உன் சட்டைடா" என்றார் அக்கா.

"ஆமாக்கா. நான்தான். தொட்டிய நான்தான் தொடச்சேன்."

அக்கா அந்தத் துணியைக் கல்லின் மேல் இன்னொரு முறை நீவி விட்டார். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"ஏரிக்கரை ஏறும்போதே மீட்டர்ல ஆயில் முள்ளு இறங்கிச்சுடா. அப்பா, முள்ளு இறங்குதுப்பான்னு சொன்னேன். போன வாரந்தானே புது ஆயில் ஊத்தினோம், முள்ளு கெட்டிருக்கும், நீ ஓட்டும்மான்னாரு. ஓட்டினேன். ஒரு நிமிசம் இருக்குமா, நின்னுடுச்சு."

"இத ஏன்க்கா நீ அப்பவே சொல்லல?"

"சொன்னா அப்பா மேல போயிருக்கும். அவருக்கு ஏற்கெனவே கண்ணு போச்சு, பட்டு போச்சு, தோளு போச்சு. அதுவுமில்லாம, ஸ்டீயரிங் என் கையிலதானே இருந்துச்சு? நிறுத்தியிருக்கணும்னு எனக்கே தோணும். தறியில உக்காரும்போதெல்லாம் தோணும்."

எழுந்து குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் அந்தப் பழைய ஸ்டீயரிங் பிடித்த களை வந்திருந்தது.

"அப்போ நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார்.

"அக்கா, என்னைத் திட்டுக்கா. அடிக்கணும்னா அடி."

"திட்றதுக்கு நேரமில்லடா. இன்னைக்குள்ள கிராங்க வெளிய எடுத்தாகணும்னு பாய் சொல்லியிருக்காரு. பெரிய ஸ்பானரு உன் காலுகிட்ட இருக்குது, எடு."

எடுத்துக் கொடுத்தேன். அன்றே எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். அக்கா தடுத்துவிட்டார். "அப்பா ஓட்டச் சொன்னாருன்றதும் வெளிய வரும். நான் இருக்கிறவரைக்கும் வேணாம்" என்றார். அவர் இருந்தவரை நானும் பாயும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அக்காவின் கொல்லையில்தான். என் வாழ்நாளில் அவ்வளவு உற்சாகமாக இருந்த காலம் வேறு இல்லை.

எஞ்சினின் முதுகெலும்பு கிராங்க் தண்டு. வெளியே எடுத்து, அதில் பேரிங் உட்காரும் ஆறு கழுத்துகளையும் நான் அளவுக் கருவி வைத்துப் பார்த்து, ஐந்து மோசம், ஒன்று மட்டும் பரவாயில்லை என்று சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒன்றின் மேல் நகத்தை ஓட்டினார். "இல்லடா, இங்க ஒரு கோடு இருக்குது" என்றார். மறுபடி அளந்தேன். இருந்தது. தறியில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்று நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தொழிற்சாலைக்குப் போய் இதைச் சொன்னபோது அங்கே யாரும் நம்பவில்லை.

பாய் தண்டை ஒரே சீராகத் தேய்த்துக் கொடுத்தார். அதற்கேற்ற பேரிங் எங்கும் கிடைக்கவில்லை. அக்காவும் நானும் பஸ் ஏறிச் சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்தோம். எட்டாவது கடையில், மேல் பரணில், தாள் சுற்றிய பெட்டியில் அவை இருந்தன. கடைக்காரர் பெட்டியைத் தட்டித் தூசி பறக்கவிட்டு, "இன்னாமா, யாரு மெக்கானிக்கு?" என்று கேட்டார். அக்கா, "நான்தாம்பா" என்றார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். பிஸ்டன் அந்த வண்டிக்கு உரியது கிடைக்கவில்லை. வேறொரு எஞ்சினுடையதை வாங்கி, பாய் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு அளவுக்குக் கடைந்தார்.

வால்வுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் அதன் இருக்கையில் காற்றுப் புகாமல் உட்கார, இடையில் பசை தடவி, ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவது போல உருட்டித் தேய்க்க வேண்டும். அக்கா ஏழு தேய்த்தார். மீதி ஐந்து மாமாவின் கைவேலை. யாரும் கேட்காமல், பேச்சில்லாமல், ஒரு நாள் வந்து உட்கார்ந்து குச்சியை வாங்கிக்கொண்டார். "தறி?" என்று அக்கா கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார். மாமாவின் ஐந்தும் அக்காவின் ஏழைவிட நன்றாக உட்கார்ந்தன என்பது பாயின் தீர்ப்பு. அக்கா அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கியர் பெட்டி வேறு விதமான சோதனை. உள்ளே ஒரு தண்டு சுழல்வதற்கு அதன் இரு முனையிலும் ஊசி போன்ற சின்ன உருளைகள், பக்கத்துக்கு இருபத்திரண்டு. கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி நிறுத்த வேண்டும். ஒன்று சாய்ந்தால் எல்லாம் சரியும். நான் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கொட்டினேன். அக்கா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கி, நாற்பத்து மூன்றை நிறுத்திவிட்டார். நாற்பத்து நான்காவதைக் காணோம். தேவகி, நான், மாமா, பாய் எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினோம். துடைப்பத்தை உதறினோம், பாயின் சட்டைப் பையைக்கூடப் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்து, "அம்மா, அசையாத" என்றாள் தேவகி. ஊசி அக்காவின் முழங்கையில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து இடத்தில் வைத்து மூடிய பிறகு அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

எஞ்சினை வண்டியில் ஏற்றி முதல்முறை கிளப்பிய ஞாயிறு, காலை பத்து மணிக்கே கொல்லையில் கூட்டம். சாவியைத் திருப்பினார் அக்கா. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றியது, பிறகு மேல்பக்கமாகப் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், கூடவே ஒரு தீ நாக்கு. காக்கைகள் எல்லாம் பறந்தன. கூட்டம் பின்வாங்கியது. பாய் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நெருப்பு வர்ற நேரம் தலைகீழா இருக்குது. யாருபா டிஸ்ட்ரிபியூட்டர மாட்டினது?"

நான்தான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "தரப் பரிசோதனை" என்று மட்டும் முனகிக்கொண்டே அதைக் கழற்றிப் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டினார்.

மறுபடி சாவி. ஒரு செருமல். இன்னொரு செருமல். பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. நீலப் புகை கிளம்பி அடங்கியது. தரை மெல்ல அதிர்ந்தது. கூட்டம் கைதட்டியது, யாரோ விசிலடித்தார்கள். ஆனால் வண்டிக்குள் இருந்த அக்காவும் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயில் முள். அது அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான்கில் துடித்தது. பிறகு நிதானமாக ஏறிப் பாதிக்கு மேல் போய் நின்றது.

"ஏறுச்சுடா" என்றார் அக்கா.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அதோடு முடியவில்லை. ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. செவிலிமேடு போகும் வழியில் மூன்று முறை. வேலை போதும், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓட்டலாம் என்றார் பாய். அக்கா ஒப்பவில்லை. கியர் பெட்டியை மறுபடி இறக்கி, நாற்பத்து நான்கு ஊசிகளையும் மறுபடி வெளியே எடுத்து, கியரைத் தள்ளும் கவை ஒரு மயிரிழை வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பாய் அதை நிமிர்த்திக் கொடுத்தார். பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஆய்வாளர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து, "யார் ஓட்டிக் காட்டுறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கா ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் எட்டுப் போட்டு, இரண்டாவது கியரிலேயே ஒரு சுற்று வந்து, அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார். "மேடம், நானும் ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டு வாங்கி ஓட்டினார் அவர்.

முதல் நெடும் பயணம் எங்கே என்று யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. வாலாஜாபாத் சாலையில் திருப்பினார். முன்சீட்டில் அக்கா, மாமா, நான். பின்தொட்டியில் நாற்காலி போட்டு மஸ்தான் பாய். தென்னேரி ஏரி நிரம்பியிருந்தது. கரை மேல் ஏறினோம். அந்த இடம் வந்தது.

"அக்கா, கொஞ்சம் நிறுத்தலாமா?"

"எதுக்குடா? இப்பத்தான் மூணாவது கியரு விழுந்திருக்குது" என்றார் அக்கா. வேகத்தைக் குறைக்காமல் அந்த இடத்தைக் கடந்து போனார். காற்றில் அவர் நரைமுடி பறந்தது. பின்னால் பாய் ஏதோ ஹிந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய மூன்று வருடம் அக்கா அந்த வண்டியை ஓட்டினார். தறிகளுக்குப் பாவு உருளை ஏற்றிப் போனார். மாகறல் கோயிலுக்குப் பூக்கூடைகள் கொண்டு போனார். தெருவில் இரண்டு கல்யாணப் பெண்களை அழைத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகளைத் தொட்டியில் ஏற்றக் கூடாது என்று நாங்கள் சொன்னதால், முன்சீட்டில் இரண்டிரண்டு பேராக ஏற்றித் தெருவைச் சுற்றினார்.

பிறகு ஈரலில் கட்டி என்றார்கள். மூன்று மாதம். வைத்தியம் இனிப் பயனில்லை என்று மருத்துவர் சொன்னபோது அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார், அதுவும் தம் வண்டியில். ஆம்புலன்ஸ்தான் வசதி என்று எல்லோரும் சொன்னோம். மருத்துவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். தேவகி ஓட்டினாள். நடுவில் தலையணை வைத்து அக்கா, இந்தப் பக்கம் நான். வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். ரங்கசாமி குளம் திரும்பும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மூணாவது சிலிண்டர்ல வால்வு தட்டுதுடா. பார்த்துக்கோ." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவதில்தான், தாள் கனத்துக்கு இடைவெளி கூடியிருந்தது. சரி செய்து எஞ்சினை ஓட விட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "ஆங், இப்ப சரி" என்றார். ஐந்தாம் நாள் காலை, மாமா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போனார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் அக்காவைத் தம் தாயைப் போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய தெருவாருக்கும், ஒன்றரை வருடம் டிபன் டப்பா இல்லாமல் சமாளித்த மாமாவுக்கும் நன்றி. மஸ்தான் பாய் கடைசல் கூலி வாங்க மறுத்தவர். அக்கா நெய்து கொடுத்த புடவையை மட்டும் தம் மகள் நிக்காவுக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் அக்காவைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல்லை இந்த மலரின் வழியாகத் திரும்பப் பெறுகிறேன். அந்த வண்டியைக் கெடுத்தவன் நான். அக்கா நன்றாகத்தான் ஓட்டினார். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். என்னைப் பற்றிய கூச்சம் வேண்டாம்.

பகல் உணவு முடிந்ததும் தேவகி வண்டியை வாசலுக்குக் கொண்டு வருவாள். முன்சீட்டில் ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் உட்காரலாம். ஏகாம்பரநாதர் சன்னதித் தெரு வரை போய்த் திரும்பக் கால் மணி நேரம். வெயில் தாழும் வரை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் முதலில் ஏறுங்கள். ஓட்டத் தெரிந்த பெண் பிள்ளைகள் யாராவது ஸ்டீயரிங் பிடிக்க ஆசைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள். கிளட்ச் கொஞ்சம் கனமாக இருக்கும், இரண்டு மிதி மிதித்தால் பழகிவிடும்.

அக்காவின் தம்பி
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்